உன்னைக் கேட்காமல் வாசித்த ஓலை

பிலோமி,

இன்று சாமியார் வேறு ஊர்ப் பூசைக்குப் போய்விட்டதால் கோவிலில் ஞாயிற்றுக்கிழமைச் செபத்தை நான்தான் நடத்தினேன். நீ பெண்கள் பக்கம் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து, வழக்கம்போல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். செபம் முடிந்ததும் ஒரு காகிதத்தை விரித்து வாசித்தேனே, அது உன் கல்யாண ஓலை. நம் வேதத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசித்து ஊருக்குத் தெரிவிக்க வேண்டும். முதல் இரண்டையும் சாமியார் வாசித்தார். மூன்றாவது என் தலையில் விழுந்தது. "தளவானூர்ப் பக்கத்துச் சூசைக்கும், இந்தக் கோவில் உபதேசியார் மகள் பிலோமினாவுக்கும் வருகிற புதன்கிழமை மெய்விவாகம் நடக்க இருக்கிறது. இதற்கு விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் உடனே சாமியாரிடம் அறிவிக்கக் கடவார்கள்." எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் வாசித்த வாசகம்தான். இன்றைக்கு 'விக்கினம்' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. இருமுவதுபோல் இருமிச் சமாளித்தேன். மகளைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துப் பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். துக்கமாவது மண்ணாங்கட்டியாவது! விக்கினம் அறிந்தவன் நானேதான். இந்தக் கல்யாணம் உனக்கு வேண்டுமா என்று உன்னை ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் விக்கினம். அதைத் தெரிந்துகொண்டே கடைசிவரை வாசித்து, காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டேன்.

இப்போது பீடத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் மெழுகுவர்த்திப் பெட்டியின்மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். வீட்டில் உட்கார இடமில்லை. உன் அத்தைமார் வந்து இறங்கிவிட்டார்கள். அவர்கள் மாவு இடிக்கிற சத்தமும் சிரிப்பும் இங்கேவரை கேட்கிறது. நீ அவர்கள் நடுவே உட்கார்ந்து முறுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறாய். வருகிறவர்களெல்லாம் உன் கன்னத்தைத் தடவி, வாயை அகலத் திறந்து ஏதோ கத்திவிட்டுப் போகிறார்கள். நீ தலையை ஆட்டுகிறாய். ஒன்றும் புரிந்து நீ ஆட்டவில்லை, ஆட்டாவிட்டால் இன்னும் கத்துவார்களே என்றுதான் ஆட்டுகிறாய். இத்தனை வருஷத்தில் உன்னைப்பற்றி நானாகத் தெரிந்துகொண்டது இந்த மாதிரி ஒன்றிரண்டுதான்.

இந்தக் கடிதத்தை உன்னால் வாசித்து முடிக்க முடியாது. பட்டணத்துக் கன்னியாஸ்திரிகள் உனக்குச் சொல்லித்தந்த தமிழ், 'நான் சோறு சாப்பிட்டேன்', 'பசு பால் தரும்' என்கிற அளவுக்கு உண்டு. நானோ வாயால் பிழைக்கிறவன். செஞ்சியைச் சுற்றியுள்ள வேதக்காரப் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பது, சாவு வீட்டில் செபம் சொல்வது, பங்காளிகள் அரிவாளைத் தூக்கினால் நடுவில் போய் நின்று கத்துவது, இதுதான் என் உத்தியோகம். என்னிடம் இருக்கிற பேச்சுக்கு ஈடாக நிலம் இருந்திருந்தால் நான் ஜமீன்தாராகியிருப்பேன் என்று உன் அம்மா சொல்வாள். அப்பேர்ப்பட்டவன் பெற்ற மகளிடம் பேசியது 'வா', 'போ', 'சாப்பிடு' இவ்வளவுதான். ஒரு தடவையாவது உன்னிடம் முழுசாகப் பேசிவிட வேண்டும் என்று இருக்கிறது. உனக்குப் புரியாது என்று தெரிந்தே எழுதுகிறேன். வேறு யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். காது கேளாத பிள்ளையைப் பெற்ற ஒருவன் படித்தால் அதுவே போதும்.

உனக்குப் புதுநன்மை, முதல் தடவை நாக்கில் வைக்கிற அந்த வெள்ளை அப்பம், கொடுக்க மறுத்த நாள் நினைவிருக்கிறதா? உனக்கு எட்டு வயது இருக்கும். அப்போதிருந்த சாமியார், மந்திரம் ஒப்பிக்காத பிள்ளைக்கு நன்மை கிடையாது என்று சொல்லிவிட்டார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நான்தான் ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தேன். 'சர்வேசுரன் எங்கே இருக்கிறார்?' என்று கேட்டால் 'எங்கும் இருக்கிறார்' என்று கத்தும் அந்தக் கூட்டம். அர்த்தம் என்ன என்று ஒரு பிள்ளையைக்கூட நான் கேட்டதில்லை. பதில் வாயில் வந்துவிட்டால் உபதேசியார் வேலை முடிந்தது. உனக்கு வாயில் வரவில்லை, அதனால் நீ இல்லை. ஆனால் நீ வந்துவிட்டாய். அம்மா வைத்திருந்த வெள்ளைப் பாவாடையை எடுத்து நீயே உடுத்திக்கொண்டு, மற்றப் பிள்ளைகளோடு பீடத்துக்கு முன் கிராதியில் முழங்கால் போட்டு, கண்ணை மூடி நாக்கை நீட்டினாய். நான் சாமியார் பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையின் முகவாய்க்குக் கீழும் அப்பம் விழாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு வந்தேன். உன்னிடம் வந்ததும் சாமியார் தாண்டிப் போனார். நானும் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த பிள்ளைக்குப் போனேன். நீ நாக்கை நீட்டியபடியே இருந்தாய். பிறகு கண்ணைத் திறந்து சாமியாரின் முதுகைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். நான் கையைத் தாழ்த்தி 'இரு, அப்புறம்' என்று காட்டினேன். நம் வீட்டில் உனக்கென்று ஒரு பாஷை உண்டானது என்றால் அது அந்த ஒரு கைதான். எதைக் கேட்டாலும் அப்புறம்.

அந்த வருஷமே உன்னைப் பட்டணத்தில் காது கேளாத பிள்ளைகளுக்குக் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். முதல் விடுமுறைக்கு வந்தபோது நீ என்னைப் பார்த்து 'அப்பா' என்றாய். செஞ்சிச் சீமையில் எந்தப் பிள்ளை அப்பனை அப்பா என்கிறது? எல்லாம் நைனாதான். தெருப்பிள்ளைகள் உன்னைச் சுற்றிக்கொண்டு, "ஐயரு வூட்டுப் பொண்ணாட்டம் அப்பாங்குதுடா" என்று கேலி செய்தார்கள். 'ப' என்றால் உதடு ஒட்டிப் பிரிவது பிள்ளைக்குக் கண்ணில் தெரியும், நைனாவில் ஒன்றும் தெரியாது என்று பள்ளிக்கூடத்து மதர் பிறகு விளக்கினார். நான் தலைகால் தெரியாமல் ஆடிப்போனேன். சந்தைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போய், மண்டிக்காரர் முன்னால் நிறுத்தி, "சொல்லும்மா, சொல்லும்மா" என்று சொல்ல வைத்தேன். நீ பள்ளிக்கூடத்தில் என்ன பார்த்தாய், யார் பக்கத்தில் படுத்துத் தூங்கினாய், எதற்கு அழுதாய் என்று தெரிந்துகொள்ள எனக்குத் தோன்றவே இல்லை.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் காலியான வருஷம் வந்தது. பிள்ளைகளை வந்து அழைத்துக்கொண்டு போகும்படி பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். எதிரே வருகிற ரயில்களில் நிற்க இடமில்லை. எல்லோரும் பட்டணத்தை விட்டு ஓடி வருகிறார்கள், நான் ஒருவன் உள்ளே போகிறேன். பள்ளிக்கூட முற்றத்தில் பெண் பிள்ளைகளெல்லாம் அவரவர் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து அப்பன்மார் வருவதற்குக் காத்திருந்தார்கள். நடுவில் நீ நின்றுகொண்டிருந்தாய். உன் கைகள் இரண்டும் அப்படி ஓடின! முகம் ஒரு நொடி கிழவி முகம், மறு நொடி போலீஸ்காரன் முகம். ஒரு சத்தமில்லை. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒருத்தி பெட்டியிலிருந்து கீழேயே விழுந்துவிட்டாள். வீட்டில் தூண்போல் உட்கார்ந்திருக்கிற என் மகளா இது என்று வாசலிலேயே நின்றுவிட்டேன்.

மதர் வந்து, "இவ இல்லாட்டி இந்தப் பிள்ளைங்க சாப்பிடவே மாட்டாங்க உபதேசியாரே. தினம் ஒரு கதை" என்றார்.

"இப்ப இன்னா கதைங்க மதர்?"

"கோச்சுக்காதீங்க. உங்களத்தான் காட்டுறா."

பார்த்தேன். நீ புஸ்தகத்தை எட்டப் பிடித்தாய், கழுத்தை நீட்டினாய், தொண்டையைச் செருமினாய், வாயைக் கோவில் கதவுபோல் திறந்து திறந்து மூடினாய். நான்தான், அச்சு அசல் நான்தான். எனக்குக் கோபம் வரவில்லை பிலோமி. சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. இவளுக்கு இத்தனை பேச்சு இருந்திருக்கிறதே, என்னைவிட இவள் பெரிய வாயாடியாக இருந்திருக்கிறாளே என்று. நாம் புறப்பட்டபோது உன் சிநேகிதிகள் வாசல் படியில் நின்று கையால் பேசிக்கொண்டே இருந்தார்கள். நீ தெருக்கோடிவரை அவர்கள் பக்கம் திரும்பிப் பின்னோக்கியே நடந்து அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு வந்தாய். அவ்வளவு தூரத்திலிருந்து காது கேட்கிறவர்கள் பேசிக்கொள்ள முடியாது. திருப்பம் வந்ததும் உன் கை நின்றது.

அந்தக் கையை ஊமையாக்கியது நாங்கள்தான். வந்த புதிதில் அடுப்படியில் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாய், அத்தை மகளுக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்தாய். "இன்னாடி இது, கொரங்காட்டம் கைய ஆட்டிக்கினு" என்று பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். கையை ஆட்ட விட்டால் வாய்ப்பேச்சு மறந்துவிடும் என்று அதே மதரும் சொல்லி அனுப்பியிருந்தார். நான் உன் கையைத் தட்டித் தட்டி, "வாயால சொல்லு" என்றேன். வாயால் நீ எவ்வளவு சொல்வாய்? அப்பா, அம்மா, பால், போதும். இரவுச் சாப்பாட்டில் நாங்கள் எதற்காவது சிரிப்போம். நீ ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவாய். அப்புறம் என்போம். பேச்சு வேறு எங்கோ போய்விடும். கொஞ்ச நாளில் நீ கேட்பதை விட்டுவிட்டாய். பெண்ணுக்கு அடக்கம் வந்துவிட்டது என்று உன் அம்மாவுக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்தான்.

குண்டுப் பயம் தணிந்ததும் மதரிடமிருந்து கடிதம் வந்தது. உன்னைத் திரும்ப அனுப்பச் சொல்லி. தையல் பாடம் முடித்த பிறகு அங்கேயே வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிற வேலை தருகிறோம், தங்க இடமும் உண்டு என்று எழுதியிருந்தார். உறையில் பள்ளிக்கூட முத்திரையைப் பார்த்துவிட்டு நீ என் கையைப் பிடித்து உலுக்கினாய். நான் என்ன காட்டியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். வயசுக்கு வந்த பெண், சண்டைக்காலம், பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ் வழியில் நின்றால் என்ன ஆகும் என்று ஊரார் கேட்டதற்குச் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பொய்யில்லை. ஆனால் முற்றத்தில் நீ சிரித்ததை நான் பார்த்திருந்தேன். திரும்பிப் போனால் நீ அவர்கள் பெண்ணாகிவிடுவாய், எங்களுக்கு இல்லாமல் போய்விடுவாய் என்றுதான் அனுப்பவில்லை. எங்களுக்கு இருந்து என்ன கண்டாய்? ஓலை வாசிக்கத் தொடங்குவதற்கு முன்னால் நானே மதருக்கு எழுதிக் கேட்டேன், இப்போதாவது இடம் உண்டா என்று. வேறொரு பெண்ணை வைத்தாகிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று பதில் வந்தது. அவர்களைச் சொல்லி என்ன பயன்?

சூசை உன்னைப் பார்க்க வந்த நாளைச் சொல்ல வேண்டும். மனைவியை இழந்தவன், தளவானூர்ப் பக்கத்திலிருந்து செஞ்சி மண்டிக்கு மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிவருகிற வண்டிக்காரன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். உன்னைப் பார்த்து "உம் பேரு இன்னா?" என்று மாட்டை அதட்டுகிற குரலில் கேட்டான். பாவம், சத்தமாகக் கேட்டால் உனக்குக் கேட்கும் என்று நினைத்தான். அவன் ஆத்தாதான் பேச்சை நடத்தினாள்.

"ஒரு வார்த்தையாச்சும் பேசுமா? கோயில்ல சாமியாரு கேக்கறப்ப ஊரு சிரிக்கக் கூடாது பாருங்க."

"பேசும், பேசும். பட்டணத்துல படிச்ச பொண்ணு" என்றேன் நான்.

"பேசாட்டி இன்னா போச்சு? எதுத்துப் பேசாத மருமவ எந்த மாமியாக்காரிக்குக் கெடைக்கும்? நான் குடுத்து வெச்சவ!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிலோமி. வெல்லக் காப்பித் தட்டோடு நீ நடுவில் நின்றுகொண்டு எங்கள் முகங்களைப் பார்த்தாய். ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குப் புருவத்தைத் தூக்கி, என்ன என்று கேட்டாய். அத்தனை பேர் முன்னால் உன்னைப் பார்த்து நான் கையைத் தாழ்த்தினேன். செத்துப்போகலாம் என்று இருக்கிறது இப்போது நினைத்தால்.

இப்போதைய சாமியார் நல்ல மனிதர். நான் போய்ச் சொன்னபோது, "வாய்ச்சொல் வேண்டியதில்லை உபதேசியாரே, தலையாட்டினாலே போதும், திருச்சபைச் சட்டத்துல இடம் இருக்குது. ஆனா புரிஞ்சு ஆட்டணும். புரிய வைங்க" என்றார். புரிய வைப்பது! அதை எப்படிச் செய்வது என்று எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? ஒப்பிக்க வைப்பதுதான் எனக்குத் தெரியும். சூசையின் ஆத்தாவிடம் வேறு 'பேசும், பேசும்' என்று வாய்விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து உன்னை எதிரே உட்காரவைத்து 'சம்மதம்' என்ற சொல்லைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். உன் புறங்கையை என் வாய்க்கு நேராகப் பிடித்து 'ச'வின் மூச்சைக் காட்டினேன். உன் விரலை என் மூக்கின்மேல் வைத்து 'ம'வின் அதிர்வைக் காட்டினேன். நாக்கு பல்லில் படுகிற இடத்தைக் கண்ணாடியில் காட்டினேன். தினமும் விளக்கேற்றுவதற்கு முன்னால் அதுதான் நமக்கு வேலை. நீ எப்படிச் சந்தோஷமாக இருந்தாய் அந்த நாட்களில்! வேலையெல்லாம் முடித்து, முகம் கழுவி, நான் கூப்பிடுவதற்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வாய். கல்யாணச் சந்தோஷம் என்று உன் அம்மா நினைத்தாள். அப்பன் தினமும் எதிரே உட்கார்ந்து, உன் கையைப் பிடித்துக்கொண்டு, உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறானே என்கிற சந்தோஷம் அது. அப்படி நான் உன்னோடு உட்கார்ந்ததே கிடையாது. ஒரு நாள் சொல் முழுசாக வந்துவிட்டது. கரகரத்த குரல், ஆனால் எவருக்கும் புரியும். நான் துள்ளிக் குதித்தேன். நீயும் குதித்தாய். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்லவில்லை.

இன்று ஓலை வாசித்துவிட்டு வந்ததும் பொறுக்க முடியாமல் உன்னைக் கொல்லைப் பக்கம் அழைத்துப்போய்ப் பலகையில் எழுதிக் கேட்டேன். 'புதன்கிழமை என்ன?' என்று எழுதினேன். 'கல்யாணம்' என்று எழுதினாய். 'யாருக்கு?' என்று கேட்டதற்கு, இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு 'எனக்கு' என்று எழுதினாய். அப்படியானால் தெரிந்திருக்கிறது, எல்லாம் தெரிந்திருக்கிறது, நாம்தான் முட்டாள்கள். 'உனக்கு விருப்பமா?' என்று எழுதினேன். நீ அந்த வார்த்தையை விரலால் தொட்டுப் பார்த்தாய். யோசித்து, பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் அழகாக எழுதினாய்: 'எனக்கு மாம்பழம் விருப்பம்.' அவ்வளவுக்குத்தான் அந்த வார்த்தையை உனக்குக் கொடுத்திருக்கிறார்கள். இருபது வயதுப் பெண்ணுக்கு விருப்பம் என்றால் மாம்பழம். நான் பலகையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பலகையை வாங்கித் துடைத்து, நீயாக எழுதினாய்: 'அங்கே யார் கை பேசும்?'

இத்தனை பேர் கூடி, ஜாதகம் பார்க்காத குறையாக விசாரித்து, அளவு பார்த்துத் துணி தருகிற கண்ட்ரோல் கடையில் புடவைக்கு நாள் முழுக்க நின்று, பந்தலுக்குக் கீற்று சொல்லி இத்தனை செய்தோமே, இந்த ஒரு கேள்வி எங்கள் எவர் புத்திக்கும் வரவில்லை. பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். முடியவில்லை. 'ஒருவரும் இல்லை' என்று எழுதினேன். நீ கீழே 'இங்கே?' என்று எழுதிப் பலகையை என்னிடம் நீட்டினாய். சுண்ணாம்புக் குச்சியை வைத்தேன், ஒரு புள்ளிதான் விழுந்தது. நீ என்னிடமிருந்து குச்சியை வாங்கி, நான் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்து அதே எழுத்துகளை நீயே எழுதினாய்: 'ஒருவரும் இல்லை.' அதற்குக் கீழே 'சரி' என்று போட்டாய். கையை உதறிவிட்டு முறுக்குச் சுற்றப் போய்விட்டாய்.

உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் இடித்த மாவோடு எழுந்து வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "இப்பப் போயிக் கேட்டீங்களே, உங்களுக்குப் புத்தி இருக்குதா? நீங்க மாருல சளி கட்டிக்கினு மூச்சு வுட முடியாம இருக்கறீங்க. நாளைக்கே வேற உபதேசியாரு வந்தா இந்த ஊட்ட உடணும், இது கோயிலு ஊடு. நாம கண்ண மூடிட்டா அவளுக்கு யாரு? ஒரு கொயந்த பொறந்தா அதாச்சும் அவகூடப் பேசாதா?" இதைச் சொல்லிவிட்டு மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளும் யோசித்துத்தான் வைத்திருக்கிறாள். உன்னோடு பேச நாங்கள் கற்றுக்கொள்ளாததை இனிமேல் பிறக்கப் போகிற குழந்தை கற்றுக்கொள்ள வேண்டுமாம். கல்யாணத்தை நிறுத்தினால் உன்னை எங்கே வைப்பேன்? நடத்தினால் எங்கே அனுப்புகிறேன்? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். உன்னைப் பெரியவளாக்க வேண்டிய வருஷங்களையெல்லாம் நாங்கள் அப்புறம் அப்புறம் என்று தின்றுவிட்டோம். இப்போது நீ பெரியவளாகி நிற்கிறாய், எங்கள் கையில் ஒன்றுமில்லை.

புதன்கிழமை காலையை நினைத்தால்தான் எனக்குப் பயம். சாமியார் கேட்பார், நீ அந்தச் சொல்லைச் சொல்வாய். நான் சொல்லிக்கொடுத்தது, பிசகாது. கோவிலே திரும்பிப் பார்க்கும். "ஊமப் பொண்ணு பேசிடுச்சு, மாதா புதுமை பண்ணிட்டா" என்று கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சூசையின் ஆத்தா உன் கன்னத்தைத் தடவி நெட்டி முறிப்பாள். என் கையைப் பிடித்து எல்லோரும் குலுக்குவார்கள். நீ அவர்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, இவர்கள் ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறார்கள் என்று புருவத்தைத் தூக்குவாய். அப்போது நான் உனக்கு என்ன காட்டுவேன்?

வெளிச்சம் குறைகிறது. இதுவரை எழுதியது என் ஆற்றாமைக்கு. இந்தக் கடைசிக் காகிதத்தைக் கிழித்து நாளைக் காலையில் உன் கையில் கொடுப்பேன். இது உனக்கு.

பிலோமி.

புதன்கிழமை நாம் கோவில் போவோம்.

சாமி உன்னைக் கேட்பார்: சூசை உனக்கு வேண்டுமா? வேண்டாமா?

வேண்டும் என்றால் சொல்: சம்மதம். நீ சூசை வீடு போவாய். அங்கே கை பேச ஒருவரும் இல்லை.

வேண்டாம் என்றால் சொல்லாதே. நீ நம் வீடு வருவாய். இங்கேயும் ஒருவரும் இல்லை. அம்மா அழுவாள். அப்பா அடிக்க மாட்டேன்.

பள்ளிக்கூடம் போக முடியாது. அப்பா கேட்டேன். இடம் இல்லை.

அப்பாவுக்கு வேறு வழி தெரியவில்லை.

சாமி கேட்கும்போது அப்பா வாயைப் பார்க்காதே. சாமி அப்பாவைக் கேட்கவில்லை.

அப்பா வாய் மூடி நிற்பேன்.